டொலறஸ் எண்ணிய தாராக்கள்

கிறிஸ்துராஜா மன்னார் வங்காலை ஆள். எண்பத்து நாலில் லண்டனுக்கு வந்து, பிளேஸ்டோவில் ஒரு மேல்வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பாண் சுடுகிற தொழிற்சாலையொன்றில் வேலை செய்தார். இந்த நாட்டில் அவரைத் தாரா வேட்டைக்கு, அதாவது காட்டு வாத்துச் சுட, முதன்முதல் கூட்டிப் போனவன் அங்கே லொறி ஓட்டிய லெஸ் என்ற வெள்ளைக்காரன். சசெக்ஸ் கரையில், ஆறு கடலில் விழுகிற இடத்துச் சதுப்பில், லெஸ் ஒரு வேட்டைக் கழகத்தில் இருந்தான்.

ஊரில் பறவை சுட்டுப் பழகிய கிறிஸ்துராஜா, போன முதல் நாளே அண்ணாந்து பார்த்துவிட்டு, மேகம் பதிந்து கிடக்கிறது, காற்றும் கடலிலிருந்து அடிக்கிறது, இன்றைக்குப் பறவை தாழத்தான் வரும் என்று சொன்னார். கழகத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கால் மணி நேரத்தில் தாராக்கள் அணைக்கட்டுக்கு ஒரு பனை உயரத்தில் வந்தன. பிறகு யாரும் சிரிக்கவில்லை. எண்பத்தெட்டில் போலீசில் துவக்கு அனுமதி எடுத்துக் கழகத்திலும் சேர்ந்தார். தொழிற்சாலையில் பாண் தட்டு தள்ளுகிறவர்களில் அவரும் ஒருவர்; மாதா கோவில் மண்டபத்தில் கதிரை அடுக்குகிறவர்களில் ஒருவர். அந்தச் சதுப்பில் மட்டும், வாய் திறந்தால் பத்து வெள்ளைக்காரர் காது கொடுப்பார்கள்.

மனைவி டொலறஸ் எண்பத்தேழில் வந்து சேர்ந்திருந்தாள். சனிக்கிழமைகளில் வீட்டில் தனியே இருக்கச் சலித்து, ஒரு ஒக்டோபரில் தானும் வருகிறேன் என்று காரில் ஏறினாள். அவருக்கு அதில் மறுப்பில்லை. தன்னை அந்த ஆட்கள் எப்படி மதிக்கிறார்கள் என்று அவளும் பார்க்கட்டும் என்றுகூட நினைத்தார்.

விடியப் போகிற நேரம். மேற்கு அணையோரம் எல்லாரும் குந்தியிருந்தார்கள். இருட்டுக்குள் எங்கோ பறவைச் சத்தம் கேட்டது. பெரிய தாராக்கள், நேரே இங்கேதான் வருகின்றன என்று கிறிஸ்துராஜா லெஸ்ஸுக்குச் சொன்னார். டொலறஸ் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"அது பெரிய தாரா இல்லை. விசில் அடிக்குது, கேளுங்கோ. மஞ்சள் நெத்திக்காரர். காத்துத் திரும்புது, அவை இந்தப் பக்கம் வரமாட்டினம். கிழக்கு வாய்க்காலுக்குத்தான் போவினம்."

என்ன சொல்கிறாள் என்று லெஸ் கேட்டான். குளிருகிறதாம் என்றார் கிறிஸ்துராஜா.

மேற்கு அணைக்கு ஒரு பறவையும் வரவில்லை. வெளிச்சம் வந்தபோது கிழக்கு வாய்க்கால் நிறைய, நெற்றியில் மஞ்சள் தீற்றிய தாராக்கள் மிதந்தன. அவள் அவரைப் பார்த்தாள். அவர் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை அவள் அவரை நம்பி இருக்கவில்லை. தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொல்லோடு கையைக் காட்டினாள். லெஸ்ஸும் இன்னும் இருவரும் அவள் காட்டிய பக்கம் போய், மதியத்துக்குள் ஆளுக்கு மூன்று பறவையோடு திரும்பினார்கள். கிறிஸ்துராஜா தான் சொன்ன இடத்தில் தனியே இருந்து வெறுங்கையோடு வந்தார்.

டொலறஸ் உப்பளத்துக்காரர் ஒருவரின் மகள். கல்யாணம் ஆகும்வரைக்கும் அவள் கண்ணுக்கு எதிரே இருந்தது உப்புப் பாத்தியும் கடல்நீர் தேங்கிய களப்பும் அதில் இறங்குகிற பறவையும்தான். கிறிஸ்துராஜா பறவையைச் சுடக் கற்றவர். அவள் அவற்றைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள். ஒரு கூட்டத்தை ஒரு தரம் கண்ணால் தடவிவிட்டு முந்நூற்று இருபது என்பாள். கழகச் செயலாளரான ஓய்வுபெற்ற தபால்காரர் தூரக்கண்ணாடி வைத்து இரண்டு தரம் எண்ணி முந்நூற்றுப் பதினாறு என்பார். ஹொலண்டில் குளங்கள் உறைந்தால் இங்கே எத்தனை நாளில் பறவை வரும், தெற்குக் காற்றுக்கு எவை கடலிலேயே தங்கும் என்பதெல்லாம் இரண்டே பருவத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. காரை விட்டு இறங்கியதும் லெஸ் முன்பெல்லாம் 'கிறிஸ், வானம் எப்படி?' என்று கேட்பான். இப்போது கார்க் கதவு திறக்குமுன்பே 'டொலி என்ன சொல்கிறாள்?' என்றான்.

அந்த 'டொலி' கிறிஸ்துராஜாவுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வீட்டில் அவள் வைத்த குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்றார். வாசிகசாலையிலிருந்து பறவைப் புத்தகம் எடுத்து வந்து ஆங்கிலப் பெயர்களைப் பாடமாக்கினார். அவளுக்குத் தெரியாத பெயர்களாகப் பார்த்துச் சாப்பாட்டு மேசையில் சொன்னார். 'ஓமோ, அப்படியோ' என்று கேட்டுவிட்டு அவள் அந்தப் பறவை எப்படிப் பறக்கும் என்று செய்து காட்டினாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், டொலறஸின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கிறிஸ்துராஜா பகல் ஷிப்டுக்கு வெளிக்கிடுகிற நேரம், அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவர் உடைத்துப் படித்தார். மாதம் ஒரு ஞாயிறு, கடற்கரை முழுக்கக் குளிர்காலப் பறவைக் கணக்கு எடுப்பார்களாம். ஆற்றுமுகத்துக்குக் கணக்கெடுப்பாளராக அவள் பொறுப்பேற்க வேண்டுமென்று செயலாளர் மரியாதையாகக் கேட்டிருந்தார். இவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தொழிற்சாலை அலுமாரியில் சப்பாத்துக்கு அடியில் அது போய்க் கிடந்தது.

கணக்கெடுப்பு நடக்கப் போவது டொலறஸுக்கும் தெரியும், லெஸ் சொல்லியிருந்தான். யாரும் கூப்பிடாதபோது அவளாகப் போய்க் கேட்கவில்லை. கார்த்திகை போனது, மார்கழியும் போனது. ஒரு சனிக்கிழமை, "நீங்கள் போட்டு வாங்கோ, எனக்குக் குளிர் ஏலாது" என்று கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் போகவில்லை. லெஸ் விசாரித்தபோது, அவளுக்கு அலுத்துவிட்டது என்றார் கிறிஸ்துராஜா. மறுபடியும் அவரிடமே வானத்தைக் கேட்டார்கள். அவர் சொன்னார். சில நாள் சரிவந்தது, பல நாள் பிழைத்தது. அவர் விரும்பியது கிடைத்துத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பி வருகிற வழியில், இன்றைக்கு எத்தனை வந்தது, எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்க ஆளில்லாமல் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தது.

பெப்ரவரியில் பெரும்பனி விழுந்தது. ஐரோப்பா உறைந்து, அங்கிருந்த தாராக்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் கரைக்கு வந்து இறங்கின. பசியில் ஒடுங்கி, பறக்கவும் சக்தியில்லாமல் கிடந்தன. துவக்கைத் தொடக்கூடாது என்று கழகம் எல்லாருக்கும் அறிவித்தது. அந்த வாரம் செயலாளர் பிளேஸ்டோ வீட்டுக்குப் போன் எடுத்தார். டொலறஸ்தான் எடுத்தாள். இப்படி ஒரு கூட்டத்தை எண்ண ஆளில்லை, என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை, இப்போதாவது வருவாயா என்று அவர் மெதுவாக, அவளுக்கு விளங்கும்படி கேட்டார்.

அன்று மாலை கிறிஸ்துராஜா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவள் முன்னால் வந்து நின்றாள். கடிதம் எங்கே என்று கேட்டாள். அலுமாரியில் என்றார். பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"நீங்கள் சுட்ட தாராவை நான் ஒரு நாளும் கணக்குப் பார்க்கேல்லை," என்றாள் டொலறஸ். "நான் எண்ணினது மட்டும் ஏன் உங்களுக்குப் பொறுக்கேலாமப் போனது?"

அவர் கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்தபடி இருந்தார். "எனக்கெண்டு அது ஒண்டுதான் இருந்தது" என்றார்.

"எனக்கு அதுவும் இல்லை," என்றுவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

ஞாயிறு காலை அவள் ரயிலில் போக வெளிக்கிட்டாள். பனியில் பாதி ரயில் ஓடாது, நான் விடுகிறேன் என்று கிறிஸ்துராஜா கார்ச் சாவியை எடுத்தார். அவள் யோசித்துவிட்டுப் பின் ஆசனத்தில் ஏறினாள். சதுப்பில் அவள் எண்ணி எண்ணிச் சொல்ல, அவர் விரல் விறைக்க விறைக்கத் தாளில் எழுதினார். மஞ்சள் நெற்றிக்காரர், ஊசிவாலர், சின்னக் கிளுவை என்று அவள் ஊர்ப் பெயரில்தான் சொன்னாள். பாடமாக்கியிருந்த ஆங்கிலப் பெயர்கள் அவருக்கு அங்கே உதவின. நடுவில் ஒரு கூட்டத்தை அறுநூறு என்றாள். அவர் கண்ணுக்கு நானூறுதான் தெரிந்தது. நானூறு என்று எழுதப் போன கை நின்றது. அறுநூறு என்றே எழுதினார். திரும்பி வருகையில் அவள் முன் ஆசனத்தில் ஏறினாள், ஆனால் லண்டன் வரைக்கும் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள்.

பிறகு ஆறு குளிர்காலம் அவள் எண்ணினாள். தொண்ணூற்று நாலில் முழங்கால் பிசகி, கிறிஸ்துராஜா துவக்கைப் போலீசில் ஒப்படைத்துவிட்டார். ஆனால் எழுதப் போவதை விடவில்லை. பொறாமை முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். தொண்ணூற்றைந்தில் கணக்கெடுப்பு அறிக்கை அச்சாகி வந்தபோது, அதைக் கோவில் மண்டபத்துக்குக் கொண்டுபோய், அங்கே வருகிற பியற்றிஸ் அக்காவுக்கும் அவர் புருஷனுக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினார். டி. கிறிஸ்துராஜா என்று பெயர் போட்டிருந்தது. டொலறஸைக் குறித்து முன்னால் நின்ற 'டி'யை அவருடைய பெருவிரல் மூடியிருந்தது. எதிர் மேசையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த டொலறஸ் அதைக் கண்டாள். அடுத்த கோப்பையை எடுத்தாள்.