எண் இல்லாத எஞ்சின்

எங்கள் அப்பா தாராவியில் தோல் ஏற்றும் லாரி ஓட்டினார். சொந்த லாரிதான், யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தது. அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு பெருமை. தன் எஞ்சினை பம்பாயில் எந்த லாரியும் முந்த முடியாது என்பார். டீக்கடையில் மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மஞ்சள் காமாலை வந்து அவர் போய்விட்டார்.

அறுபதுகளின் நடுவில், புறநகரில் ஒரு பழைய விமானத் திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பந்தயம் நடக்கும். ஒரு வருஷம் லாரிகளுக்கும் ஒரு பிரிவு வைத்தார்கள். ஆண்டாப் ஹில்லில் மெக்கானிக்காக இருந்த அண்ணனுக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்பா சொன்னது மெய்தான் என்று ஒரே ஒரு தடவை ஊரறியக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

அவன் பயமெல்லாம் பாடியைப் பற்றித்தான். விக்ரோலி பக்கம் ஒருமுறை லாரி கவிழ்ந்து பாடி நொறுங்கியதில், வேறு கம்பெனி வண்டியின் கேபினைப் பொருத்தியிருந்தோம். பந்தயம் நடத்துகிறவர்களிடமே போய்க் கேட்டுவந்தான். பாடியை மாற்றினால் பாதகமில்லை. சேஸ் என்கிற அடிச்சட்டமும் எஞ்சினும் ஒரே கம்பெனியுடையதாக இருந்தால் லாரிப் பிரிவு. வேறு கம்பெனி எஞ்சினைத் தூக்கி வைத்திருந்தால் சட்டப்படி அது லாரியே இல்லை, ‘ஸ்பெஷல்’. ரேஸ் கார்களோடுதான் ஓட வேண்டும். பாடி சட்டை மாதிரி, எஞ்சின்தான் ஆள் என்று எங்களுக்கு விளக்கினான். எங்கள் எஞ்சினோ முதல் நாளிலிருந்து அப்பா ஓட்டிய அதே எஞ்சின். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பந்தயத்தன்று அம்மாவும் நானும் கேபினில் உட்கார்ந்தே போனோம். தொப்பி வைத்த பார்ஸிக்காரர் ஒருவர் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எங்கள் பானட்டைத் திறந்து எஞ்சின் எண்ணைத் தேடினார். அந்த எஞ்சினில் கம்பெனிப் பெயரும் எண்ணும் ஒரு பித்தளைத் தகட்டில் மட்டும்தான் இருக்கும். தகட்டைத் துணியால் துடைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தகடு தகதகவென்று மின்னியது. ஒரு எழுத்து இல்லை.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அம்மா அந்தத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைப்பாள். அப்பா போன பிறகு வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்தாள், சாம்பலும் சேர்த்து. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் பித்தளை என்றால் பளபளக்க வேண்டும். அதை யாரும் வாசித்ததில்லை.

அண்ணன் வண்டிக் காகிதங்களை நீட்டினான். காகிதத்தில் எண் இருக்கிறது, எஞ்சினில் இல்லையே, எதோடு எதைச் சரிபார்ப்பது என்றார் அவர். எங்கிருந்து வந்ததென்று தெரியாத எஞ்சினை மாற்றிய எஞ்சினாகத்தான் கொள்ள வேண்டுமாம். ஸ்பெஷல் பிரிவில் ஓட்டுகிறாயா என்று கேட்டார். தரையோடு ஒட்டிக் கிடந்த ரேஸ் கார்களை அண்ணன் ஒரு பார்வை பார்த்தான். அதற்கு நடுவில் லாரியை விட்டால் யாராவது சாவார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அந்த மனுஷர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அவர் வேறென்ன செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

அம்மாவுக்கு ஹிந்தி அரைகுறை. ஆனால் அவர் தகட்டைத் தடவிப் பார்த்த விதமே போதுமாக இருந்தது.

“கறுத்துக் கெடந்துச்சுல,” என்றாள் அண்ணனிடம். “உங்கப்பா வண்டில்லா, பளிச்சுனு இருக்கட்டுமேன்னுதான் தேச்சேன்.”

அண்ணன் பானட்டை அறைந்து மூடினான். “அப்பா எஞ்சின்னு சொல்லிக்கிட ஒண்ணுமில்லாம ஆக்கிட்டியேம்மா.”

லாரியைத் தாராவிக்குத் திருப்பினான். மறுநாளே அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான். அதுக்கென்னல என்று அவளும் சோறு போட்டாள். எல்லாம் முடிந்ததென்றுதான் நினைத்தேன். லாரியை விற்றுவிட்டு அண்ணன் டாக்ஸி ஓட்ட ஆரம்பித்தான். மாதுங்கா கோயிலுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்பான், செம்பூரில் கல்யாணம், வா என்பான். அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு இருந்தது.

சில வருஷம் கழித்து அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. அண்ணன் டாக்ஸியைச் சந்து முனைவரை கொண்டுவந்து, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அம்மா என் தோளைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தாள். வண்டிக்கு ஒரு எட்டு தள்ளியே நின்றாள். முந்தானையால் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டாள்.

“எங் கை பட்டா வண்டிக்கு ஆவாதுல. நாங்க பஸ்லயே வந்துருதோம்.”

அவன் அழுதான், நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க. அவள் கேட்கவில்லை. நாங்கள் பஸ்ஸில் ஏறினோம். வழி நெடுக, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று, காலி டாக்ஸியோடு அண்ணன் வந்துகொண்டிருந்தான்.