முற்றாத கிழங்கு

அத்தையும் மாமாவும் கொழும்பிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வந்து இறங்கியபோது நான் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா எங்க?" என்பதுதான். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அத்தையின் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து சாமியிடம் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. சாமியிடம் போனவர்கள் தீபாவளிக்காவது வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா, அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவர். கடைக்குப் பின்னால் சன்னல் இல்லாத ஓர் அறையில் குடியிருந்தார்கள். இனி அந்த அறைக்குத் திரும்ப மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டாளாம். தேயிலைத் தோட்டத்தில் மாமாவுக்கு வேலைக்குப் பெயர் பதியவில்லை. ஆள் குறையும் நாட்களில் கூப்பிட்டால் புல் வெட்டப் போவார். அதை நம்பி எப்படி அடுப்பெரிப்பது என்று அம்மா கவலைப்பட்டாள். "மண்ணு இருக்கில்ல அக்கா" என்றார் மாமா.

லயத்துக்குக் கீழே ஓடையோரத்தில் ஒரு சரிவு, தேயிலை செத்து மானாப்புல் மண்டிக் கிடந்தது. எனக்கு நினைவு தெரிந்து பாம்பைத் தவிர யாரும் அங்கே குடியிருந்ததில்லை. இருவரும் புல்லை வெட்டி, கல் அடுக்கி, சரிவைப் படிப்படியாக்கினார்கள். அத்தை வீடு வீடாகப் போய் அடுப்புச் சாம்பல் வாங்கி வந்து கொட்டினாள். ஆட்டுப் புழுக்கை பொறுக்குவது என் உத்தியோகம். அத்தையை 'நங்கி' என்று தங்கையாகவே கூப்பிடும் கிராமத்துச் சிங்கள அம்மா ஒருத்தி, மரவள்ளித் தடிகளைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். கத்தரி, கொச்சிக்காய், போஞ்சி எல்லாம் வந்தன. பழைய பலகைகளை வைத்து மாமா ஒரு கோழிக்கூடு அடித்தார். சில மாதங்களில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் கடையில் வாங்க அரிசி, தேங்காய், உப்பைத் தவிர அதிகம் இல்லை. மரவள்ளி முற்றிவிட்டால் அரிசியும் பாதி போதும் என்றார் மாமா.

வந்த புதிதில் வாயே திறக்காத அத்தை, இந்தக் காய்கறித் தோட்டத்தில் பேச ஆரம்பித்தாள். எங்களோடு இல்லை, செடிகளோடு. கம்பைப் பிடிக்காமல் தரையில் கிடக்கும் போஞ்சிக் கொடியைத் தூக்கிச் சுற்றிவிட்டு, "இங்க புடிச்சுக்க. விழுந்துறாத" என்பாள். நானும் என் கூட்டாளிகளும் வேலிக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுச் சிரிப்போம்.

ஒரு நாள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்தார். அவரும் எங்கள் ஆள்தான். எங்கள் வீட்டில் அவருக்குப் போஞ்சி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். வேலிக்கு வெளியிலேயே நின்றவர், சரிவு முழுவதும் புதுத் தேயிலைக் கன்று வைக்கப் போவதாகவும், திங்கட்கிழமை ஆட்கள் வெட்ட வருவார்கள் என்றும் சொன்னார். மரவள்ளி முற்றும் வரைக்குமாவது விடச் சொல்லி மாமா கெஞ்சினார். மேல் வரிசைகளை எடுத்துக்கொண்டு ஓடையோரத்தையாவது விடச் சொன்னார்.

"நா என்னா செய்யிறது தங்கச்சி, தொர சொல்லிட்டாரு" என்று கணக்கப்பிள்ளை அத்தையைப் பார்த்துத்தான் சொன்னார்.

மாமா கத்தியைத் தூக்கி எறிந்தார். யார் வெட்ட வருகிறார்கள் பார்க்கிறேன் என்று சத்தம் போட்டார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க கையால வேணாங்க. நம்மளே எடுத்துருவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பிடுங்கினார்கள். கிழங்குகள் விரல் தடிப்புக்கூட இல்லை. அவற்றைத் தோலுரித்து, லயத்து வாசலில் பெரிய சட்டியை ஏற்றி அவித்து, தேங்காய்ச் சம்பலோடு எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள் அத்தை. எங்களுக்கு அது திருவிழாதான். கூட்டாளிகளுக்கு நடுவில் எங்கள் வீட்டுக் கிழங்கு என்ற பெருமை வேறு. மாமா சாப்பிட வரவேயில்லை. நான் மூன்றாவது முறை தட்டை நீட்டியபோது கேட்டேன்: "நாளைக்கும் புடுங்குவோமா அத்த?" அவள் இன்னும் இரண்டு துண்டு வைத்தாள். அம்மா திடீரென்று எழுந்து உள்ளே போனாள். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

கோழிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. அதிலும் எனக்குச் சந்தோஷம்தான்.

மறுநாள் காலை அத்தையும் மாமாவும் கொழும்புக்குக் கிளம்பினார்கள்; பலாங்கொடை பஸ்ஸில் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். கடைக்காரர் மறுபடியும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தாராம். அதே அறைதான். எங்களுக்குப் பின்னால் சரிவில் கத்திச் சத்தம் கேட்டது. மாமா திரும்பிப் பார்த்தார், அத்தை பார்க்கவில்லை. நல்ல சேலை கட்டி, தலைசீவி, பொட்டு வைத்திருந்தாள். பஸ் சத்தம் வளைவில் கேட்டபோது என் கன்னத்தைத் தடவினாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் நகங்களுக்குள் எல்லாம் கறுப்பாக மண்.

"அத்த, கையில மண்ணு. பீலித் தண்ணியில கழுவிட்டு வாங்க, பஸ்ஸ நா நிப்பாட்டுறேன்" என்றேன்.

அவள் கையைச் சட்டென்று மூடிக்கொண்டாள்.

"இருக்கட்டும்டி" என்றாள்.

நானாக இருந்தால் அம்மாவிடம் உதை வாங்கியிருப்பேன். பெரியவர்கள் என்றால் அழுக்குக் கையோடு கொழும்புக்குக்கூடப் போகலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பஸ் போன பிறகு கோழிகளைப் பார்க்க ஓடினேன்.