சக்களத்திக்காக ஒரு சண்டை

தையல்காரிக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். கல்யாணமாகி வந்த அன்றைக்கே வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். பச்சை நிறம், உருண்டைக் கண்கள், தூக்கத்திலிருந்து எழுப்பினால் ஊரையே கூட்டும் இருமல். காலையில் கண் விழித்ததும் புருஷன் முதலில் எட்டிப் பார்ப்பது அவளைத்தான். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால் "மாத்திரை போட்டுக்கோ" என்று போகிற மனுஷர், அவளுக்குச் சூடு ஏறினால் பாதி வழியில் இறங்கி நின்று, தண்ணீர் காட்டி, தட்டிக்கொடுத்து, அவள் மூச்சு சீரான பிறகுதான் நகர்வார்.

அந்தச் சக்களத்தி ஒரு ஜீப். பிறகு பிறந்த மகளைவிடவும் வயதில் மூத்தது.

அவர் ஜீப் டிரைவர். வீட்டு வாசலை ஒட்டி ஏறும் செம்மண் பாதையின் உச்சியில் மேட்டு வீடுகள் இருந்தன. பஸ் அங்கே போகாது. ஆட்டோ பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். சிலிண்டரோ, சிமெண்ட் மூட்டையோ, பிரசவ வலியோ, எதுவானாலும் இந்த ஜீப்தான். ஒரு பெண் குழந்தை பொறுமையில்லாமல் ஜீப்பின் பின் சீட்டிலேயே பிறந்துவிட்டது. இன்று கல்லூரியில் படிக்கிற அவளை "பின் சீட்டு" என்றுதான் மேட்டில் கூப்பிடுகிறார்கள்.

ஜீப்பின் கூரைக் கேன்வாஸ் கிழிந்தபோதெல்லாம் புதிதாக வெட்டித் தைத்துப் போட்டவள் தையல்காரிதான். "சக்களத்திக்குப் புடவை தைச்சுக் குடுத்தவ இந்த உலகத்துல நான் ஒருத்திதான் இருப்பேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே தைப்பாள். தையல் மட்டும் இரட்டைத் தையலாக இருக்கும்.

அப்படிப்பட்ட வீட்டில் இடி விழுந்தது. டிரைவரின் காலில் சின்னப் புண். சர்க்கரை நோய் அதை ஆறவிடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இத்தனை வருஷமாகக் கிளட்ச் மிதித்த கால்.

அதன் பிறகு அவர் ஜீப் நின்ற தகரக் கொட்டகைப் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கொட்டகைப் பக்க ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாப்பாடு வந்தால் சாப்பிட்டார், வராவிட்டால் கேட்கவில்லை. ஜீப்பின் சக்கரங்களில் காற்று இறங்கியது. எஞ்சினுக்குள் எலி குடிவந்தது. மேட்டுக்காரர்கள் தலையிலும் தோளிலும் சுமையோடு அந்த வாசலைத் தாண்டி நடந்தார்கள், உள்ளே எட்டிப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு.

ஒரு நாள் மாப்பிள்ளை வந்தார். மகளைக் கட்டியவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு விடுதிக்காரர் நம்ம ஜீப்பைக் கேக்குறாரு அத்தை. விடுதி வாசல்ல நிறுத்தப் போறாராம். எஞ்சினைக் கழட்டிட்டு, பானெட்டுக்குள்ள மண்ணு கொட்டிப் பூச்செடி வெப்பாங்க. வர்றவங்க எல்லாம் முன்னால நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. காயலான் கடைக்குப் போகாம நம்ம வண்டிக்கு எவ்வளவு மரியாதை பாருங்க!"

"உசுரோட இருக்கிறதைக் கொடலை உருவிப் பொம்மையா நிறுத்துறதுக்குப் பேரு மரியாதையா மாப்பிள்ளை?"

"உசுரா? அத்தை, அது இரும்பு."

சுவரைப் பார்த்தபடியே டிரைவர் பேசினார். "குடுத்துரு. ஓடாத வண்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அதுவும் ஒண்ணுதான், நானும் ஒண்ணுதான்."

தையல்காரியின் நெஞ்சில் ஊசி முறிந்த மாதிரி இருந்தது. இன்றைக்கு ஜீப்பில் பூச்செடி வைப்பார்கள். நாளைக்கு இந்த மனுஷர் நாற்காலியிலேயே வேர் விட்டுவிடுவார். யாராவது வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். ஐயோ, அதற்கா அவரை ஆஸ்பத்திரியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள்? சக்களத்தி போனால் நல்லது என்று எத்தனை நாள் சபித்திருக்கிறாள்! இப்போதுதான் புரிந்தது, இந்த மனுஷரின் உயிர் பாதி அவளிடம் இருக்கிறதென்று.

"அது ஓடிச்சுன்னா?" என்று கேட்டாள்.

"எது?"

"உங்க ஆசை நாயகிதான். அது ஓடிச்சுன்னா கையெழுத்துப் போடமாட்டீங்கல்ல?"

"ஓடிச்சுன்னா எதுக்குடி விக்கப்போறேன்?" என்றார், செத்த குரலில்.

அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். விடுதிக்காரர் வர அடுத்த வாரம் ஆகும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். மறுநாள் காலை மெக்கானிக் கொட்டகையில் இருந்தான். உடம்பில் எங்கே தோல் முடிகிறது, எங்கே கறை தொடங்குகிறது என்று தெரியாததால் அவனுக்குக் 'கிரீஸ்' என்று பெயர்.

பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கிரீஸ் தலையில் கை வைத்தான். "அக்கா, இது ஜீப் இல்ல. எலிங்களுக்கு லாட்ஜு."

"ரூமைக் காலி பண்ணச் சொல்லு."

"வயரெல்லாம் தின்னு முடிச்சிருச்சு. பிரேக்கு இறுகிக் கிடக்கு. பம்புல தண்ணி ஒழுகுது. மாமா இருந்தா…"

"மாமா இருக்காரு" என்றாள் வெடுக்கென்று. "உள்ள உக்காந்திருக்காரு. நீ ஸ்பேனரை எடு."

தையல் மெஷின் மூடிக் கிடந்தது. ரவிக்கைக்கு அளவு கொடுத்தவர்கள் வந்து பார்த்து, கறுத்த கையோடு நிற்பவளிடம் ஒன்றும் கேட்காமல் திரும்பினார்கள். அவள் பிரேக் டிரம்முக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். வயர்களை ஒவ்வொன்றாக ஒட்டி, நாடா சுற்றினாள். தண்ணீர் பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒழுகாமல் வைக்கும் கேஸ்கெட் அட்டை, இந்தக் கிழட்டு மாடலுக்குக் கடையில் கிடைக்கவில்லை. தாளில் வெட்டிக்கொள்ளலாம் என்றான் கிரீஸ். பம்பின் விளிம்பில் மசகெண்ணெய் தடவித் தாளின் மேல் அழுத்தினாள். அச்சு விழுந்தது. உள்ளே போய்த் தன் பெரிய கத்தரியை எடுத்து வந்தாள்.

கிரீஸ் பதறிவிட்டான். "அக்கா! அது துணிக் கத்தரி! அதால ஒரு தாளை வெட்டினதுக்கு அன்னிக்கு உங்க மகளையே வெரட்டுனீங்க!"

"மக அன்னிக்குக் காத்தாடிக்கு வெட்டினா. நான் மனுஷனுக்கு வெட்டுறேன். நகரு."

கத்தரியின் முனை மழுங்கியது. அவள் பார்க்கக்கூட இல்லை.

கொட்டகையில் சத்தம் கேட்கும்போதெல்லாம் வீட்டுக்குள் டிவி சத்தம் கூடியது. சுத்தியல் விழுந்தால் கொஞ்சம் கூடும். எஞ்சினைக் கிளப்ப செல்ஃப் அடித்தால் இன்னும் கூடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றையெல்லாம் கைப்பம்பால் அடித்து வெளியேற்றியதும், சக்களத்தி இருமினாள். மறுபடி இருமினாள். கொட்டகை முழுக்கப் புகை கக்கிவிட்டு ஓடத் தொடங்கினாள். உள்ளே டிவி அலறியது. தையல்காரி சமையலறைக்குப் போய் வாயில் முந்தானையை வைத்து அழுதாள்.

"ஞாயித்துக்கிழமை வந்து மேட்டுல ஏத்திப் பாப்போம்" என்றான் கிரீஸ். "அதுவரைக்கும் தொடாதீங்கக்கா. சமதரையில ஓடுறது வேற, மேடு வேற."

ஆனால் மாப்பிள்ளைக்கு அவசரம். சனிக்கிழமை காலையிலேயே வாசலில் இழுவை லாரி வந்து நின்றது. வெள்ளைச் சட்டையில் விடுதிக்காரர், கையில் பத்திரத்தோடு மாப்பிள்ளை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. டிரைவரை நாற்காலியோடு வாசலுக்கு நகர்த்தி, விரல்களுக்கு நடுவில் பேனாவையும் கொடுத்தாகிவிட்டது.

"நில்லுங்க" என்றாள் தையல்காரி. "வண்டி ஓடுது."

விடுதிக்காரர் சிரித்தார். "ஓடினா என்னம்மா, ஓடாட்டி என்ன? எங்களுக்கு நின்னாப் போதும்."

"எங்களுக்குப் போதாது. இதோ இந்த மேட்டுல ஏறும். ஏறலேன்னா நானே கயித்தைக் கட்டித் தரேன்."

"அத்தை, மாமா முன்னால எதுக்கு இந்தக் கூத்து?"

"மாமா முன்னாலதான் மாப்பிள்ளை. வேற யாரு முன்னால?"

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. கல்யாணமான புதிதில், ஆசை தீராத நாட்களில், அவரே சொல்லிக்கொடுத்து வாங்கித் தந்தது. ஆனால் ஓட்டியதெல்லாம் சமதரையில்தான். மேட்டுப் பாதைக்கு முன்னால் அவர் இறங்கி முன் சக்கரத்தருகே குந்துவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். டயரில் காற்று பார்க்கிறார் என்று நினைத்திருந்தாள்.

ஜீப் உறுமிக்கொண்டு ஏறியது. முதல் வளைவுவரை ராணி மாதிரி போனது. அங்கே மழைச் சேற்றில் பின் சக்கரங்கள் வழுக்கின. நாலு சக்கரமும் இழுக்க வைக்கும் சின்ன லீவரை, அவர் இழுப்பது போலவே இழுத்தாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். பின் சக்கரங்கள் மட்டும் பைத்தியம் பிடித்துச் சுற்றின. பின்னாலேயே வேடிக்கை பார்க்க ஏறி வந்த விடுதிக்காரரின் வெள்ளைச் சட்டை செம்மண் சட்டை ஆனது. ஜீப் அங்குலம் அங்குலமாகப் பின்னால் சரிந்தது.

"போதும் அத்தை! இறங்குங்க!" மாப்பிள்ளை கத்தினார்.

அவள் மறுபடி மிதித்தாள். கண்ணீரில் பாதை தெரியவில்லை. 'ஏறுடீ! உனக்காக ஊரையே எதிர்த்து நிக்கிறேன், ஏறித் தொலையேன்!'

கீழே நாற்காலியில் இருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கும் ஓசை அவர் காதில் ரம்பம் மாதிரி இறங்கியது. பேனா கீழே விழுந்தது.

"நிறுத்துடீ!" அந்தக் குரலை அந்த வீடு கேட்டு எத்தனை காலமாயிற்று! "முன் சக்கரத்தைப் பூட்டாம எங்கடி ஏறுவே? கூறு கெட்டவளே, ஹப்பைத் திருப்புடீ!"

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முன் சக்கரத்தின் நடுவில் ஒரு குமிழ். அதைக் கையால் திருப்பிப் பூட்டினால்தான் எஞ்சினின் பலம் முன் சக்கரத்துக்குப் போகும். உள்ளே லீவரை எவ்வளவு இழுத்தாலும் இது பூட்டாமல் பிரயோசனம் இல்லை.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தாள். குமிழைப் பிடித்துத் திருப்பினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினாள். உள்ளங்கை கிழிந்தது.

"வரலைங்க!" என்று கத்தினாள்.

"அமுக்கித் திருப்பு!"

"வரலேங்குறேன்ல! அங்க உக்காந்து சொல்றது சுலபம்! வந்து திருப்புங்க!"

மாப்பிள்ளை அதிர்ந்துபோனார். டிரைவர் நாற்காலியருகே சாய்த்து வைத்திருந்த ஊன்றுகட்டைகளை அக்குளில் செருகினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வாசற்படியைத் தாண்டாதவர் சேற்றில் கட்டையை ஊன்றினார். வழுக்கியது. தாங்க வந்த மாப்பிள்ளையை "விடுங்க" என்று உதறினார். ஜீப்பை அடைந்ததும் கட்டைகளைப் போட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்தார். குமிழின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒரு தட்டு தட்டி, அமுக்கித் திருப்பினார். 'டக்' என்றது.

"எலி கடிச்ச வயரைக்கூட ஒட்டிட்டியா?" என்றார், அவளைப் பார்க்காமல்.

"ம்."

உட்கார்ந்தபடியே நகர்ந்துபோய் அடுத்த சக்கரத்தையும் பூட்டினார். கம்பியைப் பிடித்துக் கைகளாலேயே உடம்பைத் தூக்கி இடது பக்க சீட்டில் விழுந்தார்.

"மாமா, கையெழுத்து…" என்று பத்திரத்தை நீட்டினார் மாப்பிள்ளை.

"ஓடாத வண்டியைத்தான் விக்கிறேன்னேன். கல்லை எடுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை எடுத்தார். தையல்காரி மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். ஜீப் நாலு காலையும் ஊன்றி, குழியிலிருந்து எழுந்து ஏறியது.

"இப்படியா கிளட்சை விடுவாங்க? மூட்டையா நான், இந்தக் குலுக்குக் குலுக்குறே!"

"பிடிக்கலேன்னா இறங்கி நடங்க!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'நட' என்ற சொல்லை அவர் காதுபட யாரும் சொல்வதில்லை. அவர் திரும்பி அவளை உற்றுப் பார்த்தார். வெட்டிப்போட்ட காலின் இடத்தைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார், கண்ணில் நீர் வருகிற சிரிப்பு. "நடந்தாலும் உனக்கு முந்திப் போய்ச் சேந்துருவேன்டி, நீ ஓட்டுற லட்சணத்துக்கு!"

மேட்டு உச்சியில் பானெட்டிலிருந்து லேசாக ஆவி வந்தது. அவர் தலையை நீட்டிப் பார்த்தார். "பம்புல ஒழுகுது. யாரு வெட்டின கேஸ்கெட்?"

"நான்தான். ஒழுகினா ஒழுகட்டும். இன்னும் தடியா ஒண்ணு வெட்டுறேன்."

மேட்டு வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். 'பின் சீட்டு' முதலில் வந்து கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். மூன்று காலி சிலிண்டர்கள், ஒரு நொண்டி நாற்காலி, மருந்துக்கடைக்குப் போகவேண்டிய இரண்டு பெண்கள் என்று ஜீப் நிறைந்தது. இறங்கும்போது பாதையின் வாயை இழுவை லாரி அடைத்துக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் பொறுங்கம்மா, பேசிக்கலாம்" என்று சேற்றுச் சட்டையோடு கை காட்டினார் விடுதிக்காரர்.

தையல்காரி ஹாரனில் கையை வைத்தாள். லாரி பின்னால் நகரும்வரை எடுக்கவில்லை.