அம்மன் பெயரில் நான் சொன்ன பொய்

என் மனைவி சரசுவுக்கு மார்பில் புற்றுநோய் என்று போன ஐப்பசியில் சொன்னார்கள். மல்லசமுத்திரத்தில் இரண்டு விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிறோம். நான் ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் கோயிலில் படிக்கச் சொல்லி எழுதித் தருகிறேன். எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சேலம் ஆஸ்பத்திரியில் சரசு ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது டாக்டரம்மா என்னிடம் சொன்னார். கீமோ ஊசியில் முடி கொட்டும். ஊசி ஏறும்போது தலையைக் குளிர வைக்கும் தொப்பி மாட்டினால் ஓரளவு காப்பாற்றலாம். முதல் ஊசியிலிருந்தே மாட்ட வேண்டும். சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை உண்டு, தொப்பிக்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் நாம்தான் பணம் கட்ட வேண்டும்.

என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. மூன்றாவது தறிக்குச் சேர்த்தது இருந்தது. முடிக்கா இவ்வளவு என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை. பஸ்ஸில் வரும்போது, "உனக்குக் கொணமாகோணும்னு ஆத்தாளுக்கு உன்ற முடிய நேந்துக்கிட்டேன்" என்றேன். நான் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. தொப்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. மொட்டை போட்டுவிட்டால் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பேச்சு எழாது என்று கணக்குப் போட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது, "ஆத்தாளுக்குன்னா செரிங்க" என்றாள்.

முதல் ஊசிக்கு இரண்டு நாள் முன்பு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அன்று காலை சீயக்காய் தேய்த்துக் குளித்திருந்தாள். அம்மனுக்கு அழுக்கு முடியைக் கொடுக்கக் கூடாதாம்.

முடி எடுப்பவர் அவள் தலையில் தண்ணீர் தெளித்தார். நான் அம்மன் முகத்தைப் பார்க்க முடியாமல் பாதத்தைப் பார்த்தேன். தாயே, உன் பெயரில் பொய் சொல்லிவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வாய் கொடு என்று வேண்டினேன். "நிறுத்துங்க!" என்று ஒரு சத்தம் கேட்டது. என் குரல்தான். வரிசையில் நின்றவர்கள் கேட்க எல்லாவற்றையும் சொன்னேன்.

சரசு எழுந்தாள். "ஏனுங்க, சாமிய இழுத்தீங்களே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"தப்புத்தான் கண்ணு."

"எனக்கு அந்தத் தொப்பி வேணுமுங்க."

வேண்டாம் என்பாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முடி எடுப்பவர் கத்தியோடு, "இப்ப ஆரு தலைங்க? பின்னால ஆளு நிக்கறாங்க" என்றார்.

"ஆத்தா பேரச் சொன்னது சொன்னதுதானுங்க. இவரு முடிய எடுங்க" என்றாள் சரசு. உட்கார்ந்தேன்.

தறிப் பணம் தொப்பிக்குப் போனது. குளிரில் தலை விண்விண்ணென்று வலிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அழுதாள். கழற்றச் சொன்னதில்லை. உச்சியில் முடி மெலிந்தது. மீதி நின்றது. சித்திரையில் கடைசி ஊசி முடிந்தது. இப்போது நோய் தெரியவில்லை என்கிறார்கள். தாயின் கருணை.

அன்பர்களே, சாமி பெயரைச் சொல்லி வீட்டில் எதையாவது மறைத்திருந்தால் அந்தச் சாமி முன்னாலேயே போய் நில்லுங்கள். என்னைப் பேச வைத்தவள் உங்களையும் பேச வைப்பாள். அதன் பிறகு நான் பொய் சொன்னதில்லை. ஆனாலும் நான் ஒன்று சொன்னால், சரசு ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறாள். எனக்கு அது வேண்டியதுதான்.