யார் மேல் எரிந்து விழுவது

எரிந்து விழுவது என்றால் சும்மா கோபப்படுவதல்ல. கோபம் யார் மேல் வேண்டுமானாலும் வரும். எரிந்து விழுவதற்கோ, திருப்பிக் கேட்காத ஆள் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முதலாளி மேல் எவனாவது எரிந்து விழுந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வலி தெரியாமல் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும் அவளைப் 'பூக்கை' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாளெல்லாம் நரம்பு தேடி, அலறுகிறவர்களைத் தேற்றி, சிடுமூஞ்சி மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல் நிற்பாள். அடக்கியதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் தலையில் இறங்கும். ஏன் விசிறி சும்மா ஓடுகிறது, ஏன் கதவு திறந்து கிடக்கிறது, யாரைக் கேட்டு இனிப்பில் கை வைத்தது. சர்க்கரை நோய்க்காரரான அந்த மனிதர் வாயே திறக்க மாட்டார். மகள் வேலைக்குக் கிளம்பினால்தான் தன் காது கொஞ்சம் ஆறுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பார்.

அன்று காலை, அடுத்தவர் வரலாம் என்று அவள் குரல் கொடுக்க, நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் அப்பா. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மற்றவர்களைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இங்கே எதற்கு வந்தீர்கள் என்று அவள் கிசுகிசுத்தாள். அவர் இடது காலுறையை மெல்லக் கழற்றினார். பெருவிரல் கறுத்துப் போயிருந்தது. நாற்றம் வேறு. அந்த விரல் இனித் தேறாது, கால் தப்பினாலே பெரிய விஷயம் என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை நாளாப்பா?"

"செருப்பு கடிச்சது. தானா ஆறிடும்னு விட்டுட்டேன். வீட்டுல சொன்னா எரிஞ்சு விழுவே. இங்க வர்றவங்ககிட்ட தன்மையாப் பேசுறியாமே. அதான் வரிசையில நின்னு வந்தேன்."

பாவி மனுஷன், காலை இப்படி அழுக விட்டுவிட்டாரே என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பும் வழக்கம்போல அவர் மேலேயே திரும்பியது. வாயைத் திறந்தாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அப்பா அவசரமாக அவள் கையைப் பிடித்தார்.

"வீட்டுக்குப் போய்த் திட்டிக்கோம்மா. இங்க எல்லாரும் உன்ன நல்ல பொண்ணுன்னு நினைக்கிறாங்க."

அவள் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிற ஆறுதலில் ஒரு வார்த்தைகூட அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.