வலது கைக்கு ஒரு வார்

எந்தக் குதிரையின் கோளாறுக்கும் நோலீன் ஹாஸ்கர்டிடம் ஒரு வார் இருந்தது. நிழலைக் கண்டு மிரளும் குதிரைக்கு மூக்கின் மேல் ஆட்டுரோமப் பட்டை. ஓட்டத்தில் நடை தப்பிப் பாய்ந்துவிடும் குதிரைக்குக் கால்களைப் பிணைக்கும் கால்வாரில் ஒரு துளை குறைப்பாள். வளைவில் உள்பக்கம் சாயும் குதிரைக்குக் கழுத்தோரமாக ஒரு கம்பு. நாற்பத்திரண்டு வருடம் அண்ணன் ராய்ஸின் லாயத்தில் அவள் செய்த வேலை இதுதான். அவன் பந்தய வண்டியில் ஏறி ஓட்டினான். ஏறுமுன் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தவள் அவள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரமில்லை என்று சொன்னார்கள். அது உண்மையும்கூட.

வெரிங்காலில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த தடத்தைப் பந்தயக் கிளப் மூடியபோது ராய்ஸுக்கு அறுபத்தாறு வயது, நோலீனுக்கு அறுபத்திரண்டு. கடைசிப் பந்தயத்துக்கு வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். நோலீன் எண்ணிப் பார்த்தாள். அதில் பாதிப் பேர் குதிரைக்காரர்களின் வீட்டார்.

அடுத்த மாதம் நகரத்திலிருந்து கேமரன் என்ற கிளப் அதிகாரி வந்து, ஊர் மண்டபத்தில் ஒரு வரைபடத்தை விரித்தார். நகரத்தின் நடுவே டிராம் நிறுத்தத்தை ஒட்டிய பழைய பொருட்காட்சி மைதானம். இனி வண்டிக் குதிரைப் பந்தயம் அங்கேதான், ஞாயிறு மத்தியானங்களில், பாட்டு, சாப்பாட்டு வண்டிகள், குழந்தைகள் தடவிப் பார்க்க மட்டக் குதிரைகளோடு.

“ஜனங்க நம்மைத் தேடி இவ்வளவு தூரம் வர மாட்டாங்க. நாமதான் ஜனங்க மத்தியில போகணும்” என்றார் கேமரன்.

“சவ ஊர்வலமும் அப்படித்தானேப்பா ஊர் நடுவுல போகும்” என்றான் ராய்ஸ். மண்டபமே சிரித்தது. கேமரனும் சிரித்துவிட்டு, “உங்க டாட் வந்தா நல்லாயிருக்கும் மிஸ்டர் ஹாஸ்கர்ட். வேகமான குதிரை” என்றார். அதற்குப் பிறகு ராய்ஸ் கிண்டல் செய்யவில்லை.

டாட் ஆறு வயதுச் செம்பழுப்புப் பெண்குதிரை. அவர்களிடம் மிச்சமிருந்ததும் அது ஒன்றுதான். வெரிங்காலின் தடம் ஒரு சுற்று ஆயிரம் மீட்டர். நகரத்துத் தடம் அறுநூறுகூட இல்லை. வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அங்கே இடப்பக்கம் வளைந்து ஓட வேண்டும். டாட்டுக்கோ கம்பு கட்டியும் உள்ளே சாயும் பழக்கம். அதை நேராக நிறுத்த வலது வாரைப் பிடித்து இழுத்தாக வேண்டும்.

ராய்ஸின் வலது கையில் பிடி இல்லை.

நோலீன் இதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. ஒருநாள் பல்துலக்கி இடது கைக்கு மாறியிருந்தது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினான். சட்டைப் பொத்தான்கள் மேலிருந்து கீழ்வரை தப்புத் தப்பாக மாட்டியிருந்தன. பந்தய ஓட்டுநர் உரிமத்துக்கான வருடாந்தர மருத்துவச் சோதனையை இப்போது தொலைபேசியிலேயே முடித்துவிடுகிறார்கள். கை கால் நன்றாக இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றான். அவ்வளவுதான் சோதனை.

முதல் ஞாயிறன்று டாட்டை ஏற்றிக்கொண்டு மூன்றரை மணி நேரம் லாரி ஓட்டி நகரத்துக்குப் போனார்கள். டாட் ஐந்தாவதாக வந்தது. இரண்டாம் சுற்றில் அது உள்ளே சாய்ந்தபோது வலது வார் ராய்ஸின் விரல்களிலிருந்து வழுக்கிக்கொண்டு போவதை நோலீன் வேலியோரம் நின்று பார்த்தாள். சக்கரம் தடத்தின் விளிம்புக் குச்சியை உரசிக்கொண்டு தப்பியது.

திரும்பி வரும் வழியில் நோலீன்தான் ஓட்டினாள். “இனிமே நீ பந்தயத்துல ஏறாத” என்றாள்.

“அப்ப யாரு ஏறுவா? நீயா?”

“யாராவது நகரத்துப் பையனைப் போடு.”

“அவன் டாட்டை ஓட்டுவான். நான் என்ன பண்றது? பக்கத்துல நின்னு தொப்பியைப் பிடிச்சுக்கவா?”

“கைல பிடி இல்ல ராய்ஸ்.”

“காட்டிக்குடு போ. அதிகாரிங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உரிமத்தைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் என்னையும் உன் கோழிங்களோட அடைச்சு வச்சுக்கோ.”

“கோழியாவது சொன்ன பேச்சு கேக்கும்” என்றாள் நோலீன்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த அதிகாரிகளின் அறை எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். வாரம் முழுக்க அதைத்தான் யோசித்தாள். ஆனால் வியாழக்கிழமை அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. தோல் தைக்கும் ஊசியை எடுத்தாள்.

ஓட்டுநர்கள் கையை நுழைத்துக்கொள்ள வார்களில் ஒரு தோல் வளையம் பூட்டுவது வழக்கம். அது தளர்வாக இருக்க வேண்டும். விழுந்தால் கை தானாகக் கழன்று வந்துவிட வேண்டும். நோலீன் பழைய சேணத் தோலை வெட்டி, ராய்ஸின் மணிக்கட்டை அளந்து, வலது வாருக்கு ஓர் இறுக்கமான வளையம் தைத்தாள். விரல்கள் பிடிக்காவிட்டால் என்ன, மணிக்கட்டு பிடிக்கும். தோள்வரை பலம் இருக்கிறதே. குதிரைகளுக்கு நாற்பத்திரண்டு வருடமாக என்ன செய்தாளோ அதையே அண்ணனுக்கும் செய்தாள். கோளாறு எங்கே என்று பார்த்தாள், அங்கே ஒரு வாரைப் போட்டாள்.

இரண்டாம் ஞாயிறன்று எட்டாயிரம் பேர் வந்திருந்தார்கள். டிராம் வந்து நிற்கும்போதெல்லாம் இன்னும் நூறு பேர் இறங்கினார்கள். பன்றித் தொத்திறைச்சிப் புகையும் ஒலிபெருக்கிப் பாட்டும் லாயம்வரை வந்தன. குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவன், “ஏன் பாட்டி, வண்டில உக்காந்து ஓட்டறவர் தாத்தாவா இருக்காரே, குதிரைக்கும் பென்ஷன் உண்டா?” என்று கேட்டான். “குதிரைக்கு உண்டு. அவனுக்குத்தான் இல்ல” என்றாள் நோலீன்.

சேணம் பரிசோதிக்க வந்தவர் கால்வாரைப் பார்த்தார், தலைக்கவசத்தைப் பார்த்தார், சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். நோலீன் வலது வாரின் மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தாள். அவர் போன பிறகு ராய்ஸின் மணிக்கட்டில் முகப்பவுடரைப் பூசி, சிறு குழந்தைக்குப் பூட்ஸ் மாட்டுவதுபோல வளையத்துக்குள் கையைத் தள்ளினாள்.

“வலிக்குதா?”

“தெரிஞ்சாத்தானே வலிக்க” என்றான்.

இரண்டு சுற்றுவரை வளையம் வேலை செய்தது. டாட் உள்ளே சாயும்போதெல்லாம் ராய்ஸ் தோளைப் பின்னால் எறிந்து இழுத்தான், குதிரை நேரானது. மூன்றாம் சுற்றில் முன்னால் வந்துவிட்டான். எட்டாயிரம் பேர் கத்தினார்கள். நோலீனும் கத்தினாள். பிறகு வளைவில் பின்னாலிருந்து வந்த வண்டியின் சக்கரம் அவன் சக்கரத்தில் ஏறியது. இரண்டு வண்டிகளும் கவிழ்ந்தன. மற்ற ஓட்டுநர் உருண்டு போய் எழுந்து நின்றுவிட்டான். ராய்ஸின் இடது கை கழன்றது. வலது கை கழலவில்லை. டாட் அவனை எழுபது மீட்டர் இழுத்துக்கொண்டு ஓடியது.

பாட்டை யாரும் நிறுத்தவில்லை. வேலியோரமாக நின்றவர்கள் கைபேசிகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நோலீன் வேலிக்கு அடியில் நுழைந்து ஓடினாள். யாரோ குதிரையைப் பிடித்துவிட்டார்கள். குளம்பு சீவும் கத்தியால் அவளே வளையத்தை அறுத்தாள். இரட்டைத் தையல், சீக்கிரம் அறுபடவில்லை.

கழுத்தெலும்பு உடைந்திருந்தது. பேச்சு வந்தது, தோள் கொஞ்சம் அசைந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

மூன்றாம் வாரம் பந்தய அதிகாரி திருமதி ஃபார்னல், அறுந்த வளையத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். நோலீன் உறிஞ்சுகுழல் வைத்த கோப்பையோடு கட்டிலருகே நின்றாள்.

“இதை யாரு செஞ்சது மிஸ்டர் ஹாஸ்கர்ட்?”

“நான்தான். நானே வெட்டி நானே தெச்சேன்” என்றான் ராய்ஸ்.

ஃபார்னல் எழுதத் தொடங்கினார். அதை அப்படியே விட்டிருக்கலாம். ராய்ஸ் கண்ணால் அதைத்தான் சொன்னான்.

“ஆறு மாசமா அவனால சட்டைப் பொத்தான் போட முடியல. அவன் எங்க தைக்கிறது? நான்தான் தெச்சேன். சோதனை பண்ணும்போது மறைச்சு வச்சதும் நான்தான்” என்றாள் நோலீன்.

“வாயை மூட மாட்டியா நோல்?” என்றான் ராய்ஸ்.

“அதை அன்னைக்கே திறந்திருக்கணும்” என்றாள். குழலை அவன் உதட்டில் வைத்தாள். “குடி. மெதுவா.”

அவளை ஆயுளுக்கும் எந்தப் பந்தய லாயத்துக்குள்ளும் நுழையக் கூடாது என்று தடை செய்தார்கள். டாட்டை நகரத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். நகரத்துப் பந்தயத்துக்குக் கூட்டம் குறையவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு கூடியது என்று சொன்னார்கள்.

வெரிங்கால் வீட்டின் முன்னறையில் இப்போது இரும்புக் கட்டில் கிடக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ராய்ஸைப் புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இடம், மல்லாக்க, வலம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. நோலீன் குதிகாலையும் இடுப்பையும் தினமும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறாள். இதுவரை ஒரு புண் இல்லை.

போன ஞாயிறு மூன்று மணிக்கு டாட் ஓடுவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மூன்று மணிக்குத்தான் புரட்டும் முறையும்.

“அஞ்சு நிமிஷம் பொறு. பந்தயம் முடியட்டும்” என்றான் ராய்ஸ்.

“முடியாது.”

அவனைச் சுவர்ப்பக்கமாகப் புரட்டினாள். தலையணையை வைத்தாள், மடிப்பை நீவிவிட்டாள். பிறகு தொலைக்காட்சியை மேசையோடு சேர்த்துச் சுவர்ப்பக்கம் இழுத்து வந்தாள். அதற்குள் கடைசிச் சுற்று ஆரம்பித்திருந்தது. டாட் வழக்கம்போல உள்ளே சாய்ந்தது. வண்டியில் இருந்த இளம்பெண் இரண்டு கையாலும் வலது வாரை இழுத்தாள்.

“கம்பைத் தப்பான பக்கம் கட்டியிருக்காங்க” என்றான் ராய்ஸ்.

நோலீன் குனிந்து திரையைப் பார்த்தாள். ஆமாம், தப்பான பக்கம். டாட்டின் புது லாயத்துத் தொலைபேசி எண் அவளிடம் இருந்தது. ராய்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போன் பண்ணிச் சொல்லேன்.”

“எனக்கு எந்த லாயத்துலயும் வேலை இல்ல” என்றாள் நோலீன். ஐந்து மணிக்கு மல்லாக்க என்று சுவரில் மாட்டிய அட்டையில் எழுதிவிட்டு, கஞ்சி சூடாக்கப் போனாள்.