முதலிடம் கொடுத்தும் காத்துக்கிடந்த வேலை

கிணறு வற்றியும் மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிட்டு, அதன் காயிலைக் கருக்கியது, எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் அந்த ஷெட்யூலர்தான்.

மோட்டாரை இயக்கும் போர்டுக்குப் புரோகிராம் நானே படித்து எழுதியது. மோட்டாரை நிறுத்தும் வேலைக்கு முதலிடம், திரையில் படம் வரைவதற்கு இரண்டாமிடம், எஸ்எம்எஸ் அனுப்புவதற்குக் கடைசி இடம். தண்ணீர் அளவைப் படிக்க மோட்டார் வேலைக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் ஒரே பூட்டு; ஒருவர் வைத்திருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும்.

இன்று மொரப்பூர் பஸ்ஸில் என் மடியிலிருந்த போர்டைப் பார்த்து, ஓசூரில் இதே வேலை பார்க்கும் ஒரு பெண் விசாரித்தாள். புரோகிராமைக் காட்டினேன்.

“பூட்டை எஸ்எம்எஸ் வச்சிருந்துச்சுங்க ஐயா. அதைத் தள்ளிட்டு படம் வரையற வேலை ஓடிக்கிட்டே இருந்துச்சு. பூட்டு கிடைக்காம மோட்டார் வேலை நின்னுபோச்சுங்க.”

“முதல்ல இருக்கறவன் கடைசி ஆளுக்காக நிக்கணுமா?”

“உங்க முதலிடத்தை அவனுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தா, சட்டுனு முடிச்சுட்டு பூட்டை விட்டுருவான்ங்க. நீங்க பூட்டா வச்ச செமஃபோரை எடுத்துட்டு, இப்படி இடம் மாத்திக் கொடுக்கற மியூடெக்ஸ் பூட்டைப் போடுங்க.”

“என் எடத்தை அவனுக்கு எதுக்கும்மா கொடுக்கணும்?”

“அப்ப வருசா வருசம் காயில் கட்டுங்க!”

இறங்கிவிட்டாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஷெட்யூலர் அடங்கிய கெர்னலை எழுதியவர்கள் எல்லாப் பூட்டுக்கும் இதைத் தாங்களே செய்துவைக்க வேண்டும். பாடம் எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். தக்காளி வாடுகிறது, காயில் கட்டும் கடைக்காரர் மோட்டாரை நாளைக்கே தர வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள், மியூடெக்ஸை எந்த வரியில் போடுவது என்று இந்தப் பதிவின் கீழே எழுத வேண்டும்.